வெள்ளைச் சதுரம்

சீருடை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பாக்கெட்டைப் பற்றித்தான் பேசுவார்கள், ஐயா. எத்தனை வேண்டும், மூடி வைத்ததா, வைக்காததா என்று அரை நாள் அதிலேயே ஓடிவிடும். அந்தப் பாக்கெட்டில் எதைப் போடப் போகிறீர்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. தொண்டர் துணைப்படைக்குப் புதுச் சீருடை வேண்டும் என்று பி.டி. வாத்தியார் என் பட்டறைக்கு வந்த அன்றும் பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சண்டைக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவர், இப்போது துணைப்படைக்குத் தலைவர். ஊர் இன்னும் பழைய பெயரை விடவில்லை. கெட்ட மனிதர் இல்லை. தன் தோள்பட்டியில் இரண்டு நட்சத்திரம் வேண்டும் என்று கேட்டு முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

"மூணாவே வெச்சிடலாம் சார். நூலு என்ன, பெருசா செலவாகப் போகுதா" என்றேன்.

"மூணு வெச்சா பட்டாளத்துக்காரன் சிரிப்பான் மாஸ்டர். ரெண்டு போதும்."

துணைப்படையில் சம்பளம் கிடையாது. துப்பாக்கியும் கிடையாது. இருப்பது இரண்டு பிரிவு. சுமைப் பிரிவு, ரயில் கிடங்கிலிருந்து குண்டுப் பெட்டிகளைத் தோளில் ஏற்றி ஆற்றங்கரைப் பதுங்குகுழிகளுக்குக் கொண்டுபோகும். ஸ்ட்ரெச்சர் பிரிவு, அங்கே அடிபட்டுக் கிடப்பவர்களைத் தூக்கி வரும். ஸ்ட்ரெச்சர் பிரிவுக்காரர்கள் மட்டும் மார்பிலும் முதுகிலும் ஒரு வெள்ளைச் சதுரத் துணி தைத்திருப்பார்கள். அக்கரைக்காரர்களும் தங்கள் ஆட்களுக்கு அதையேதான் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சதுரத்தை இரண்டு பக்கமும் சுடுவதில்லை. யாராவது உட்கார்ந்து பேசி முடிவு செய்ததா, தானாக வந்த பழக்கமா, எனக்குத் தெரியாது. இந்தச் சண்டையில் மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மூட்டை தூக்கினார். அவர் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது, செத்த பிறகும் நேராக்க முடியவில்லை. அம்மா ஜல்லி உடைத்தாள். நான் கத்தரியைப் பிடித்தது கலை ஆசையில் இல்லை, நிழலில் நின்று செய்கிற வேலை என்பதால். என் மகனை மோட்டார் வைண்டிங் படிக்க வைத்தேன், அவனாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று. அவன் வேலை பார்த்த கடை மூடிய வாரமே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சுமைப் பிரிவில் போய்ச் சேர்ந்தான். தாத்தா அரிசி தூக்கினார், பேரன் குண்டு தூக்கினான். அவன் அம்மா உயிரோடு இல்லை. எனக்கு இருப்பது அவன் ஒருவன்.

என் அக்கா மகள் ஸ்ட்ரெச்சர் பிரிவில் இருந்தாள். ஆள் ஒல்லி, வாய் மட்டும் ஒரு பட்டாளம் இருக்கும். அளவு கொடுக்க இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டறைக்கு வந்தார்கள்.

"என்ன துரை, இன்னிக்கு எத்தனை பெட்டி? தோள்ல காய்ப்பு வந்துடுச்சா?" என்று அவனைச் சீண்டினாள்.

"நீ தூக்கறது ஆளு, நான் தூக்கறது பெட்டி. பெட்டி அழுவாது. அந்த நிம்மதி உனக்கு உண்டா?"

"அழுவாது, வெடிக்கும். நீ விழுந்தா நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். உன்னோட வெயிட்டுக்கு நாலு பேர் வேணும்."

"வராம இருந்துடுவியா நீ?"

அவள் என் கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்து, "மாமா, இந்தத் தடியனுக்கு ரெண்டு சட்டைத் துணி ஆகும், வாத்தியார்கிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

அந்த மாதம் சுமைப் பிரிவில் நிறையப் பேர் செத்தார்கள். தோளில் பெட்டி இருந்தால் குனிய முடியாது, ஓடவும் முடியாது. ஸ்ட்ரெச்சர் பிரிவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துப் பக்கத்து வழியில் நடக்கிறார்கள், ஒருவன் சாகிறான், ஒருவன் வீட்டுக்கு வருகிறான், நடுவில் இருப்பது ஒரு சாண் வெள்ளைத் துணி. துணி என் கையில் இருந்தது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன்.

அவன் ஒருவனுக்கு மட்டும் தைத்துக் கொடுத்தால் முதல் அணிவகுப்பிலேயே மாட்டிக்கொள்வான். சீருடை என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் ஒன்றாக வரைந்தேன். மண் நிறச் சட்டை, இரண்டு பாக்கெட், மார்பிலும் முதுகிலும் வெள்ளைச் சதுரம். ஒரே படை, ஒரே சின்னம் என்று பி.டி. வாத்தியாரிடம் எடுத்துச் சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் இழுத்தார்.

"வெள்ளை ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்னு இல்ல இருந்துச்சு, மாஸ்டர்?"

"அவங்களும் தூக்கறாங்க, இவங்களும் தூக்கறாங்க. நம்ம பசங்க சாகாம இருந்தா உங்களுக்குக் கசக்குதா சார்?"

அவர் கொஞ்ச நேரம் தோள்பட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

அக்கா மகள் மட்டும் என்னைத் தேடி வந்து சண்டை போட்டாள். "மாமா, அது எங்க உசுரு. அதைக் கூறு போட்டு எல்லாருக்கும் குடுக்கறீங்களே" என்றாள். கொடுத்தால் குறைவதற்கு அது என்ன கஞ்சியா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் நன்றாக நடந்தது. சுமைப் பிரிவில் ஒரு சாவு இல்லை. பட்டப்பகலில் பெட்டிகள் போயின. பட்டாளத்திலிருந்து வாத்தியாருக்குப் பாராட்டு வந்தது, அவர் எனக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். என் மகன் தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்.

பிறகு சுமைப் பிரிவில் ஒருவன் கரைச் சரிவில் சறுக்கி விழுந்தான். பெட்டி உடைந்து, உள்ளே இருந்த குண்டுகள் ஆறு வரை உருண்டன. அக்கரையில் இருப்பவனுக்கும் கண் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. சட்டைகள் சொல்லின. செத்தவர்களின் சட்டை பட்டறைக்குத் திரும்பி வரும். எங்களிடம் துணி அவ்வளவாக இல்லை. துவைத்து, ஒட்டுப் போட்டு, அடுத்த ஆளுக்குக் கொடுப்போம். பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிற அம்மாதான் அதைப் பார்ப்பார். என்னைவிட மூத்தவர், பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் ஒன்று பேசுவார். அன்று ஏழெட்டுச் சட்டைகளை என் மேசையில் வரிசையாக விரித்தார்.

"மாஸ்டர், இதப் பாருங்க. முன்னெல்லாம் ஓட்டை கண்ட எடத்துல இருக்கும், தோளு, கை, விலாவுன்னு. இப்ப எல்லாம் வெள்ளைக்குள்ளயே இருக்கு. ஸ்ட்ரெச்சர் ஆளுங்களுதும் இதுல இருக்கு."

பார்த்தேன். உண்மைதான். அக்கரைக்காரன் இப்போது வெள்ளையைத் தேடித்தான் சுடுகிறான்.

"வாத்தியார்கிட்ட சொல்லணுமில்ல?" என்று கேட்டார்.

"நான் பாத்துக்கறேன். நீங்க காஜாவைப் பாருங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைகளை அள்ளிக்கொண்டு போனார். அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

அன்று மாலையே என் மகனுக்கு வேறு சட்டை வெட்டினேன். அதே மண் நிறம், அதே பாக்கெட், வெள்ளை மட்டும் கிடையாது. வெள்ளைத் துணி தீர்ந்துவிட்டது, வந்ததும் வைக்கிறேன் என்றேன். அவன் உடுப்பைக் கவனிக்கிறவன் இல்லை, போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அப்போதே வாத்தியாரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன், ஐயா. யோசிக்காமல் இல்லை. சொன்னால் எல்லோருடைய வெள்ளையையும் கழற்றுவார்கள். அப்புறம் என் மகனும் மற்றவர்களும் ஒன்று, பழையபடி யார் மேல் வேண்டுமானாலும் விழும். வெள்ளை இருக்கிற வரைக்கும் குறி பார்க்கிறவன் கண் வெள்ளைக்குத்தான் போகும். பக்கத்தில் நடக்கிற மண் நிறத்துக்குப் போகாது. அவன் பிழைக்க வேண்டுமென்றால் அவனைச் சுற்றி வெள்ளை இருக்க வேண்டும். இது கணக்குத்தான். இதில் யார் மேலும் எனக்கு விரோதம் இல்லை.

அடுத்த வாரம் வாத்தியார் வந்தார். முகம் சுருங்கியிருந்தது, மூன்று நாள் தாடி.

"மாஸ்டர், பசங்க சாகறாங்க. வெள்ளை போட்டவங்களே சாகறாங்க. அக்கரைக்குச் சரியா தெரியலையோ என்னவோ. சதுரத்தைக் கொஞ்சம் பெருசா வெச்சுப் பாக்கலாமா?"

பழைய வெள்ளைப் போர்வை கிடைத்தால் பெரிதாக வைக்கலாம் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி அனுப்பினார். நல்ல அழுத்தமான துணி, துவைத்தால் பளிச்சென்று இருந்தது. மார்பு முழுக்க வருகிற மாதிரி வெட்டினேன்.

அக்கா மகள் தன் சட்டையை வாங்க வந்தாள். போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்ன மாமா, படுக்கை விரிப்பையே போத்தி விட்டுட்டீங்க? அடிபட்டவனை ஏன் தனியா தூக்கணும், என் மேலயே படுத்துக்கடான்னு சொல்லிடலாம் போலிருக்கே."

ஓரத்தில் தொங்கிய என் மகனின் மாற்றுச் சட்டை அவள் கண்ணில் பட்டது. "துரைக்கு மட்டும் தனி மாடலா?"

"துணி பத்தலம்மா" என்றேன்.

அவளிடம் அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு வாய் நிற்காது, மாலைக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். வெள்ளை இல்லாமல் ஸ்ட்ரெச்சர் தூக்க அவளை விடவும் மாட்டார்கள். காலர் இறுக்குகிறதா என்று கேட்டேன். இல்லை மாமா, நல்லாயிருக்கு என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, "வாத்தியாரோட நட்சத்திரம் ஒண்ணு லூசா தொங்குது, விழறதுக்குள்ள தெச்சுடுங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாளில் செத்துப்போனாள். ஒரு கிழவரைத் தூக்கப் போன இடத்தில். அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்து, "உன் கையால தெச்ச சட்டையோடயே போயிட்டாடா" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

அந்தச் சட்டை வந்தால் அடுப்பில் போடச் சொல்லியிருந்தேன். காஜா அம்மா போடவில்லை. இன்று காலை என் மகன் பட்டறைக்கு வந்தபோது அதை எடுத்து அவன் கையில் கொடுத்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவன் அதை வெட்டு மேசையில் விரித்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு தன் மார்பைத் தொட்டுப் பார்த்தான்.

"எனக்கு மட்டும் ஏன்ப்பா வெள்ளை இல்ல?"

"துணி பத்தலப்பா."

"இவளுக்குப் பத்துச்சா?"

நான் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் தன் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டான். கொடியில் தொங்கியதிலேயே பெரிய சதுரமாகப் பார்த்து ஒன்றை எடுத்து மாட்டினான். "அவ எடத்துக்கு ஆள் கேக்கறாங்க" என்றான். பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடவில்லை. கரைக்குப் போகிற வண்டியில் ஏறிவிட்டான்.

ஏன் இவ்வளவையும் நானாக வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசு உறுத்தியது என்று நீங்கள் எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. வாத்தியாரிடம் சொன்னால் உட்கார்ந்து அழுவார், அதற்குள் நேரமாகிவிடும். துணைப்படைக்கு உத்தரவு போடுகிற இடம் இதுதான் என்பதால் இங்கே வந்தேன். வெள்ளையை எல்லோருக்கும் வைத்தவன் நான், அது கொல்கிறது என்று தெரிந்தும் தைத்தவன் நான், பெரிதாக்கியவனும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் இப்போதே ஒரு ஆளைக் கரைக்கு அனுப்புங்கள்.

எல்லோருடையதையும் கழற்றி முடிக்க நாளாகும் என்கிறீர்கள். புரிகிறது, உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை. அப்படியானால் அவன் ஒருவனுடையதை மட்டும் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள், ஐயா. மற்றவர்களுடையது இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். அவனுக்கும் அதுதான் நல்லது.