பிறக்காதவர்களின் பெயர்கள்

— இங்க பாருங்க சார், கல்லுல இருக்குற இந்த க்யூஆர் கட்டத்துக்கு நேரா போனைப் பிடிச்சாப் போதும். உள்ள இருக்கவங்க எந்திரிச்சு வந்து பேசுற மாதிரி வீடியோ ஓடும்.

— ஓடட்டும் பாய். எம்புட்டு வருசத்துக்கு ஓடும்? நான் கேட்டது நூறு வருசம். ரெண்டாயிரத்து நூத்தி இருபத்தஞ்சுல என் வம்சத்துக்காரன் வந்து நின்னாலும் ஓடணும்.

— கல்லு ஆயிரம் வருசம் நிக்கும், பிரச்சனையே இல்ல சார். கட்டத்துக்குத்தான் நான் ஜவாப் சொல்ல முடியாது. அன்னைக்கு போனுன்னு ஒண்ணு இருக்குமோ, கண்ணுக்குள்ளயே வச்சுத் தச்சிருவாங்களோ, அல்லாவுக்குத்தான் தெரியும்.

— கண்ணுக்குள்ளதான் இருக்கும், எழுதி வச்சுக்க. யோசிச்சுப் பாரு சேக் பரீது. கனடாவுல காலையில காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புவான், மத்தியானம் இந்தக் கல்லறைக் காம்பவுண்டுக்குள்ள வந்து இறங்குவான். ஆளுக்கொரு பறக்குற வண்டி. அதுக்குத்தான் அந்த வேப்பமரத்த வெட்டச் சொன்னேன். இறங்க எடம் வேணும்ல?

— அதுக்கா வெட்டுனண்ணே? எலை கொட்டுதுன்னுல்ல சாமியார்கிட்டச் சொன்ன?

— வா லிடியா. எப்ப வந்த?

— இப்பத்தான். அம்மாவுக்குச் செவந்தி வாங்கிட்டு வந்தேன். நாளைக்குக் கல்லறைத் திருநாளு, இன்னைக்கே மார்க்கெட்டுல பூவத் தொட முடியல. மரம் இருந்தா இப்பச் செத்த நேரம் நெழல்ல நின்னுருக்கலாம்.

— இன்னைக்கு நெழலப் பாத்தா நாளைக்கு எப்படி? பாய், இவதான் என் தங்கச்சி. எங்கம்மாவக் கடைசி வரைக்கும் பாத்தவ. நான் குவைத்துல கெடந்தப்ப, இப்பக் கனடாவுல இருக்க என் மகன் இனிகோவையும் இவதான் வளத்தா.

— வாங்கக்கா. கல்லு எப்படி இருக்கு பாருங்க. நம்ம பேகம்பூர்ப் பட்டறையில இம்புட்டுப் பெரிய கல்ல இதுக்கு முன்ன யாருக்கும் இழைச்சதில்ல. எங்க ஆளுகளுக்கு கபர்ஸ்தான்ல மண்ணோட சரி.

— நல்லாத்தான் இருக்கு பாய். எங்கம்மா வாழ்ந்த வீடு இதுல பாதிதான் இருக்கும்.

— சொன்னேன்ல பாய், இவளுக்கு எல்லாமே வெளையாட்டு. நான் எதையும் நூறு வருசம் தள்ளி வச்சுப் பாக்குறவன். நீயே சொல்லு, நூறு வருசத்துல திண்டுக்கல்லு எப்படி இருக்கும்?

— என்னையக் கேட்டா சார், தண்ணியில்லாம சனம் பூராம் கொடைக்கானல் மேல ஏறியிருக்கும். கீழ மலைக்கோட்டையும் உங்க கல்லறையுந்தான் மிஞ்சும்.

— இதான் உங்ககிட்ட இருக்க கொற. விஷன் கெடையாது. எரியோட்டுல விமான நிலையம் வந்துரும். சாணார்பட்டி வரைக்கும் மெட்ரோ ரயிலு. தண்ணிய மேகத்துலருந்து நேரா உறிஞ்சிக்குவான். சீக்குன்னு ஒண்ணு இருக்காது. மனுசன் எரநூறு வயசு இருப்பான்.

— அப்பறம் எதுக்குண்ணே இம்புட்டுப் பெரிய கல்லறை?

— வாய மூடு. வந்து கல்ல வாசி.

— கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். நீயே வாசிண்ணே.

— மேல அப்பா பேரு. பக்கத்துல அம்மா. அடுத்த வரியில நான், 'ஆனந்த்ராஜ்', செத்த தேதிக்கு எடம் விட்டுருக்கு, பக்கத்துல என் சம்சாரம். கீழ இனிகோ, அவன் சம்சாரம். அதுக்குக் கீழ இக்னேஷியஸ் ஆனந்த்ராஜ். அதுக்குக் கீழ வின்சென்ட் ஆனந்த்ராஜ், அந்தோணி ஆனந்த்ராஜ்.

— இருண்ணே. யாரு இந்த இக்னேஷியஸு? நம்ம வகையறாவுல அப்படி யாருமில்லையே.

— இனிமேப் பொறக்கப் போறவன். இனிகோ மகன். மத்த ரெண்டு பேரும் அவன் மகனுங்க.

— பிள்ள வரப் போகுதுன்னு இனிகோ சொன்னானா ஒன்கிட்ட?

— அவன் என்னத்தச் சொல்றது? கல்யாணமாகி நாலு வருசமாச்சு, பெறாம எங்க போயிருவாங்க? பேரு நான் வச்சது. கம்ப்யூட்டர்ல அவன் போட்டோவையும் மருமக போட்டோவையும் குடுத்தா, பொறக்கப் போற பிள்ள மூஞ்சி வந்துருது. பாய், அந்தப் படத்தக் காட்டு.

— இந்தாங்கக்கா. சாரோட மூக்கு அப்படியே இருக்கா? பெரியவர் வின்சென்ட் விஞ்ஞானி. சின்னவரு அந்தோணி பிஷப்பு.

— பிஷப்புக்கு ஏதுண்ணே வாரிசு?

— அதுக்குத்தான் விஞ்ஞானிய வச்சிருக்கேன். எல்லாத்தையும் யோசிக்காமலா செய்வேன்?

— சரிண்ணே. நல்லா இருக்கட்டும், பொறந்து நல்லா இருக்கட்டும். என் பேரு எங்க இருக்கு?

— அம்மா காலடியில. அம்மா சாகும்போது என் கையப் பிடிச்சுக் கேட்டுச்சு, 'லிடியாவ எனக்குப் பக்கத்துல போடுடா'ன்னு. நான் வாக்குத் தப்புறவனில்ல. இந்தக் குழியில ஒனக்கு எடம் உண்டு.

— போதும்ணே. அம்புட்டுத்தான் எனக்கு வேணும். அவரு பேரும் என் பேருக்குப் பக்கத்துல ஒரு ஓரமா இருந்துட்டாப் போதும்.

— எவரு பேரு?

— என்னண்ணே இப்படிக் கேக்குற? காமராஜு பேரு. என் புருசன் பேரு.

— பாய், செத்த தள்ளிப் போயி நில்லு.

— எதுக்கு அவரத் தள்ளச் சொல்ற? பாய், நீங்க இருங்க. எனக்கு என்னன்னு கொத்தியிருக்கீங்க?

— இன்னும் கொத்தலக்கா. சாக்பீஸ்லதான் எழுதியிருக்கேன். ஒங்ககிட்டக் காட்டிட்டுக் கொத்தலாம்னு சார் சொன்னாரு.

— வாசிங்க பாய்.

— சார், வாசிக்கவா?

— வாசி. தெரிஞ்சுதான ஆகணும்.

— 'லிடியா. திருமணம் செய்துகொள்ளாமல் அண்ணன் குடும்பத்துக்காகவே வாழ்ந்த அருட்செல்வி.'

— பாய், வேற யாரு கல்லுல உள்ளதையோ மாத்தி எழுதிட்டீங்க.

— இல்லக்கா. சார் சொன்னதுதான்.

— அண்ணே?

— யோசிச்சுப் பாரு லிடியா. கோவப்படாம யோசிச்சுப் பாரு.

— எனக்கு மக இருக்காண்ணே. இசைவாணின்னு ஒருத்தி இருக்கா. அவளுக்கு ஒரு பொட்டப்பிள்ள இருக்கு, போன மாசந்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கு. கல்யாணம் ஆகாதவளுக்கு எப்படிண்ணே பேத்தி வரும்?

— நூறு வருசம் கழிச்சு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வாரவன் பேர வாசிப்பான். காமராஜ்னு ஒரு பேரப் பாத்தா, யாரு எவருன்னு தேடுவான். அன்னைக்குத் தேடுனா ஒரு நிமிசத்துல எல்லாம் வந்துரும், எந்தத் தெரு, எந்த ஆளுக, கல்லறையில எந்தப் பக்கம்னு. அந்தப் பிள்ள மனசு என்ன பாடுபடும்?

— எந்தப் பிள்ள?

— அந்தோணி. பிஷப்பாகப் போறவன்.

— பொறக்காத பிள்ள மனசு நோகும்னு, பொறந்த பிள்ளைய இல்லங்குறியாண்ணே?

— ஒன் மகளுக்கு அந்தப் பக்கம் சாதி சனம் இருக்குல்ல, அங்க எழுதிக்கட்டும். நான் தடுத்தேனா?

— அந்தப் பக்கம் எங்கண்ணே எழுத? கல்லறைக்கு நடுவுல சாதி பாத்துக் கட்டுன சுவத்துக்கு அந்தப் பக்கம் எடம் பத்தாம, தோண்டித் தோண்டி ஒருத்தர் மேல ஒருத்தரப் போடுறாங்க. அவருக்கு வச்ச சிலுவையப் பிடுங்கி எறிஞ்சாச்சு. போன திருநாளுக்கு எந்த மேட்டுல மெழுகுவத்தி ஏத்துறதுன்னு தெரியாம, குத்துமதிப்பா ஒரு எடத்துல ஏத்திட்டு வந்தேன். அவரு இருந்தாருங்கறதுக்கு இந்த ஒலகத்துல ஒரு எழுத்து இல்ல. இந்தக் கல்லுல ஒரே ஒரு பேருண்ணே.

— சார், கீழ ஓரத்துல ரெண்டு வெரக்கட எடம் இருக்கு. சின்ன எழுத்தா 'காமராஜ்'னு மட்டும் கொத்திடலாம். ஆளு உத்துப் பாத்தாத்தான் தெரியும்.

— ஒன்கிட்டக் கேட்டேனா பாய்?

— இல்ல சார். பிரச்சனையே இல்ல சார். நான் சும்மா சொன்னேன்.

— அண்ணே, அவரு ஒனக்கு என்ன பண்ணுனாரு? மின்கம்பத்துல ஏறி வேல பாக்கையில கரண்டு அடிச்சுச் செத்த மனுசன். அம்மா கீழ விழுந்தப்ப தோள்ல தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனது அவருதான். நீ குவைத்துல இருந்த.

— தூக்குனான், இல்லங்கல. அப்பா அன்னைக்கே வீட்ட மூணு தடவ கழுவ வச்சாரு. யாரு கழுவுனா? நீதான?

— நாந்தான் கழுவுனேன்.

— அப்ப ஒத்துக்கிட்டவதான? இப்ப மட்டும் என்ன? அவன் கம்பத்துல தொங்குன அன்னைக்கு எனக்குப் போன் வந்துச்சு. சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். நம்ம வீட்டுக் கணக்கு நேராச்சுன்னுதான் நெனச்சேன். கூட ஒண்ணு ரெண்டு பிள்ளையப் பெத்துப் போடாமப் போனான், அதுவும் நல்லதுக்குத்தான்.

— சார், நான் போயி டீ வாங்கிட்டு வரட்டா?

— நில்லு பாய். நாளைக்குச் சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்க வரும்போது எழுத்து இருக்கணும். அந்த வீடியோவையும் போட்டுக் காட்டிரு, எல்லாம் ஒண்ணா முடிஞ்சிரட்டும்.

— அத வேணாம் சார்.

— போடுன்னா போடு.

— 'நான்தான் லிடியா பேசுறேன், கண்ணுகளா. எனக்குன்னு ஒரு குடும்பம் வேணாம்னு சின்ன வயசுலயே முடிவு பண்ணிட்டேன். எங்கண்ணன் வம்சந்தான் என் வம்சம். நீங்க நல்லா இருக்கணும்.'

— இது என் கொரலு.

— அச்சு அசலா இருக்குல்ல?

— நான் இதப் பேசலையேண்ணே.

— நீ பேச வேணாம். 'அம்மா சாப்டாங்கண்ணே, அம்மாவுக்கு மாத்திர குடுத்துட்டேண்ணே, இன்னைக்குக் காய்ச்சல் இல்லண்ணே'ன்னு தெனம் வாட்சப்புல அனுப்புவியே. அம்புட்டையும் எடுத்துக் குடுத்தேன், மிச்சத்த அதுவே பேசிருச்சு.

— அம்மா மூத்திரத்துணிய அலசிக்கிட்டே பேசுனதுண்ணே அது.

— நல்ல காரியத்துக்குத்தான பயன்பட்டுருக்கு? யோசிச்சுப் பாரு. ஒனக்கு இருக்கது ரெண்டே வழி. இந்த எழுத்து இருந்தா அம்மா காலடியில படுக்கலாம். இல்லையா, சுவத்துக்கு அந்தப் பக்கம் போயி, எவன் மேலயோ எவளோ மாதிரிக் கெட. நூறு வருசம் கழிச்சு வாரவன் ஒன்னையத் தெய்வம்னு கும்புடுவான். காமராஜு பொண்டாட்டிய எவன் கும்புடுவான்?

— இசைவாணி கேட்டா நான் என்னண்ணே சொல்றது?

— அவள இந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லு. அம்புட்டுத்தான். அந்தக் கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாளைக்கு மந்திரிப்புக்கு வந்து நின்னுறாத. வீடியோ எடுக்குறாங்க, கனடாவுக்குப் போகும்.

— சரிண்ணே.

— என்ன சரி?

— கொத்தச் சொல்லு.

— இப்பத்தான் என் தங்கச்சி. பாய், மெஷின எடு.

— அக்கா, நெசமாவா? ஒருக்கா கொத்திட்டா அழிக்க முடியாதுக்கா.

— கொத்துங்க பாய். ஆழமாவே கொத்துங்க, நூறு வருசம் இருக்கணும்ல. அந்த இக்னேஷியஸு, வின்சென்ட்டு, அந்தோணி பேரையும் இன்னொருக்கா நல்லாப் பதிய விட்டுருங்க. அவங்க பேரு அழியவே கூடாது.

— ஏன் லிடியா சிரிக்கிற?

— ஒண்ணுமில்லண்ணே. இனிகோ ஒன்கிட்டக் கடைசியா எப்பப் பேசுனான்?

— ஈஸ்டருக்கு. பெரிய வேலையில இருக்கவன், நேரம் கெடைக்காது. ஏன்?

— எனக்கு ஞாயித்துக்கிழம தவறாமப் பேசுவான். நீ இந்தக் கல்லப் பத்தி அனுப்புனதெல்லாம் பாத்தானாம்.

— பாத்தானா? என்ன சொன்னான்?

— ஒன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு போன்லயே சத்தியம் வாங்கியிருக்கான். நானும் ஒன் நெஞ்சு தாங்காதுன்னு மூடித்தான் வச்சிருந்தேன். இந்தக் காலையில பூ வாங்குறப்பக்கூட, நம்ம அண்ணன்தான, கெனாக் கண்டுட்டுப் போகட்டும்னுதான் நெனச்சேன்.

— என்ன புள்ள, ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா அவனுக்கு? சொல்லு. பாய், அந்த மெஷின நிறுத்து!

— ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. புருசனும் பொண்டாட்டியும் பேசி முடிவெடுத்து, போன தவக்காலத்துலயே அவன் பிள்ள பெறாம இருக்க ஆபரேசன் பண்ணிக்கிட்டாண்ணே, 'எங்கப்பா மாதிரி ஒரு ஆளு இன்னொருக்கா நம்ம வீட்டுல பொறந்துறக் கூடாது அத்த'ன்னு சொல்லிட்டு.