கண்ணீர்ப் பாதை

யூச்சின்: ஏங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம். வீட்டுக்குப் போயிரலாம், வாங்க.

தியென்ஃபூ: நீ போட்டிருக்க இந்த ஆபரேஷன் கவுனோடயா? பஸ்ல எல்லாரும் எந்திரிச்சு எடம் குடுப்பாங்க.

யூச்சின்: சிரிப்பு வருதா உங்களுக்கு? மூக்குக்குள்ள கேமராவ விட்டு எலும்புல ஓட்டை போடுவாங்களாம்...

தியென்ஃபூ: சின்ன ஓட்டைதான். கண்ணீர் போற பாதை அடைச்சுக் கெடக்கு. மூக்குக்குள்ள புதுசா வழி விடுறாங்க. வெளிய தழும்புகூட இருக்காதாம்.

யூச்சின்: சொட்டு மருந்தே போதும்.

தியென்ஃபூ: போன மாசம் கண்ணோரம் எலந்தப்பழம் கணக்கா வீங்கி, சீழு வேற! மறுபடி வந்தா கண்ணுக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

யூச்சின்: சொன்னாரு...

தியென்ஃபூ: அப்புறம் என்ன? ஒரு நாள் நம்ம கடையில உன் சிப்பி ஆம்லெட் இல்லாட்டி இந்தத் தைனான் ஊரே பட்டினி கெடக்குமா?

யூச்சின்: வெளையாடாதீங்க.

தியென்ஃபூ: நர்ஸ் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டுப் போயிட்டா. என்னன்னு சொல்லு.

யூச்சின்: ...இது சரியாயிட்டா, நான் என்னத்தச் சொல்லி அழுவேன்?

தியென்ஃபூ: யூச்சின்...

யூச்சின்: "கண்ணு வியாதி, தானா வழியுது"ன்னு மூணு வருஷமா சொல்லிட்டிருக்கேன். உங்கம்மா நம்பிட்டாங்க, கடைக்கு வர்றவங்களும் நம்பிட்டாங்க.

தியென்ஃபூ: நான் நம்பல. அடைப்பு ஒரு கண்ணுல. நீ தொடைக்கிறது ரெண்டு கண்ணையும்.

யூச்சின்: தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?

தியென்ஃபூ: அழட்டும்னுதான்...

யூச்சின்: நம்ம பொண்ணு யாவென் செத்துப்போனப்ப அழ விட்டாங்களா? பெத்தவங்க கண்ணீர் புள்ள மேல படக்கூடாதாம். சவ வண்டிக்குப் பின்னாலயும் போகக்கூடாதாம். வயித்துல சுமந்தவ நான், கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன்...

தியென்ஃபூ: உன் அக்கா பசங்க கூடப் போனாங்கல்ல.

யூச்சின்: அவங்க வேற, நாம வேற. தீ மூட்டுறப்ப, ஆத்மா தப்பிச்சுப் போகட்டும்னு "நெருப்பு வருது, ஓடிரு"ன்னு சொந்தபந்தம் கத்துவாங்களே... அந்த நேரத்துல எம்பொண்ணுக்கு அம்மா குரலும் இல்ல, அப்பா குரலும் இல்ல. அதான்யா என்னால தாங்க முடியல!

தியென்ஃபூ: ...அன்னைக்கு சிப்பிக்காரனைப் பாக்கப் போறேன்னு ஸ்கூட்டர எடுத்தேன்ல?

யூச்சின்: ஆமா. மக போற நாள்ல இவருக்கு சிப்பி கேக்குதான்னு... இன்னும் மனசு ஆறல எனக்கு.

தியென்ஃபூ: நான் எந்த சிப்பிக்காரனையும் பாக்கல. சுடுகாட்டுல ஹெல்மெட்டக் கழட்டாம கூட்டத்துக்குப் பின்னால நின்னேன். உன்ன விட்டுட்டுப் போனத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இத்தனை நாளும் வாயத் தொறக்கல. எல்லாரையும் விட நான்தான்டி சத்தமாக் கத்தினேன்... "யாவென், அப்பா வந்திருக்கேன், நெருப்பு வருது, ஓடிரும்மா"ன்னு.