கோடு போட்ட இடம்

– டச்சுலேர்ந்து நான் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்ததை மறுபடி சத்தமாப் படிங்க. எங்கே இடிக்குதுன்னு உங்க காதுக்குத்தான் தெரியும்.

– ‘வீ வில் நெக்ஸ்ட் மந்த் த தேர்ட் வேர்ஹவுஸ் க்ளோஸ்.’ ஏம்மா, ‘வில்’லுக்கும் ‘க்ளோஸு’க்கும் நடுவுல ஒரு லாரியே போகலாம் போலிருக்கே.

– டச்சுல அப்படித்தாங்க. முக்கியமான சொல்லு கடைசியில போய் உட்கார்ந்துக்கும். அதையே பார்த்துப் பார்த்து எனக்கு இதுவே சரின்னு படுது.

– உங்கம்மா போன் பேசற மாதிரி. மழை, முட்டிவலி, பக்கத்து வீட்டுப் பூனைன்னு இருபது நிமிஷம். வைக்கிறப்போதான் ‘நாளைக்கு வரேன்’னுவாங்க.

– எங்கம்மாவை விடுங்க. வரியைத் திருத்துங்க.

– ‘வீ வில் க்ளோஸ் த தேர்ட் வேர்ஹவுஸ் நெக்ஸ்ட் மந்த்.’ இப்போ லாரி நேராப் போகுது. அடுத்த மாசம் மூணாவது கிடங்கை மூடறாங்களாக்கும். ஆமா, யாரு கம்பெனி இது? பேரு மேல கறுப்பாக் கோடு இழுத்து வச்சிருக்கே.

– எப்பவும் இழுக்கிறதுதானே. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வேலையே வாங்கினேன்.

– கையெழுத்துன்னதும் ஞாபகம் வருது. நாலு மணிக்கு வீடு விக்கிறவர் ஒப்பந்தத்தோட வந்துடுவார். என் சம்பளச் சீட்டு எங்கே?

– டிராயர்ல இருக்கு. இன்னும் யோசிக்கலாமேன்னு தோணுதுங்க.

– நேத்து வரைக்கும் ஜன்னலுக்குத் துணி அளந்தவ நீ. பதினஞ்சு வருஷம் வீட்டுக் கடனுக்கே என் சம்பளத்துல பாதி போகும்தான். ஆனா பிள்ளைங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கும்ல.

– அடுத்த வரி படிங்க.

– ‘ஃபார்ட்டி சிக்ஸ் பீப்பிள் வில் தேர் ஜாப்ஸ் லூஸ்.’ அடப்பாவமே, அத்தனை பேருக்கும் வேலை போகுதா. எங்க கிடங்குலயும் நாப்பத்தாறு பேர்தான். எல்லாக் கம்பெனிக்கும் அதுதான் கணக்கு போல.

– அதையும் சரி பண்ணுங்க.

– ‘வில் லூஸ் தேர் ஜாப்ஸ்.’ சுத்தி வளைக்காம சொல்லிடணும், பாவம். நீ ஏன் திருத்தத்தை டைப் தட்டாம உட்கார்ந்திருக்கே?

– தட்டறேன்.

– பெல் அடிக்குது பார். அவர்தான். உன் பேனாவைக் கொடு.

– தர மாட்டேங்க.

– ஏன், மை தீர்ந்துடுச்சா?

– அந்தக் கோட்டுக்கு அடியில இருக்கிறது உங்க கம்பெனி பேரு.