சாவி கொடுப்பதற்கு முந்தின நாள்

— கேமராவைப் பார்க்காதீங்கப்பா, என்னைப் பாருங்க.

— உன்னைத்தான் முப்பது வருஷமா பார்க்கிறேனே… சரி, முறைக்காதே. கேளு.

— இந்த போட்டோ. நான் நாலு வயசு. நம்ம பெரிய வீடு… அங்கேயும் போய் எடுத்தாத்தான் நம்ம குடும்பப் படம் முடியும். விலாசம் சொல்லுங்க.

— அதை இடிச்சிருப்பாங்க.

— போன வாரம் வித்துட்டோம்னீங்க?

— வித்தப்புறம் இடிச்சிருப்பாங்க… டீ போடட்டுமா?

— உட்காருங்கப்பா! இதோ இன்னொண்ணு. அதே சட்டை, அதே நான். சுவர் மட்டும் பச்சை.

— பெயிண்டர் வீட்டுச் சுவர் ஒரே நிறத்துலயா இருக்கும்?

— ஜன்னலையும் இடம் மாத்தினீங்களோ?

— இரு, டீ போட்டுட்டு வந்துடறேன்.

— அப்பா…

— எதுவுமே நம்ம வீடு இல்லம்மா. எல்லாம் நான் பெயிண்ட் அடிச்ச வீடு. வேலை முடிஞ்சு சாவியைக் கொடுக்கிறதுக்கு முந்தின நாள் உங்களைக் கூட்டிட்டுப் போவேன். சுவர் காய்ஞ்சிருக்காது. நீ சாய்ஞ்சுடுவியோன்னு உங்கம்மாவுக்கு ஒரே பயம்.

— அதான் எல்லாத்துலயும் என் கையை அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்காங்களா!

— நாம இருந்தது ஒத்தை ரூம். அதையா போட்டோ எடுத்து ஊர்ல இருக்கிற எங்கக்காவுக்கு அனுப்புவேன்? எங்கம்மா போனப்புறம் என்னை வளர்த்தவ. ஆபீஸ் வேலை, சொந்த வீடுன்னு எழுதினேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன… ஒரு மூலையில நானும் வந்து இருக்கட்டுமாடான்னு கேட்டா. எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்? அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே இருபத்தாறு வருஷம் ஓடிப்போச்சு. அவளைப் பார்க்கணும்னு எனக்கு எவ்வளவு ஏக்கம் தெரியுமா…

— அழாதீங்கப்பா.

— இது படத்துல வேணாம். அக்கா பார்த்தா மனசு விட்டுப்போயிடுவா.

— அத்தைக்குத் தெரியும்.

— என்னது?

— போன மாசம் வேலையா போறேன்னது பொய். அத்தையைப் பார்க்கத்தான் போனேன். எல்லா போட்டோவையும் எடுத்துக் காட்டினாங்க. 'உங்கப்பன் எவ்வளவு சுத்தமா பெயிண்ட் அடிச்சிருக்கான் பாரு'ன்னாங்க.

— பெயிண்ட்டா? நான் ஆபீஸ்னுதானே…

— போட்டோவுல உங்க நகத்துல எல்லாம் பெயிண்ட்டாமே!

— ஐயோ… அப்ப தெரிஞ்சேதான் வரட்டுமான்னு கேட்டாளா? எதுக்கும்மா?

— அதையும் கேட்டேன்ப்பா. 'நிஜமாவே பெரிய வீடா இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். சின்னக் குழந்தையை வச்சுக்கிட்டு எங்கேயோ ஒத்தை ரூம்ல கிடந்து அல்லாடுறானே, குழந்தையையாவது பார்த்துக்கலாம்னுதான் கேட்டேன்'னாங்க.