துரை கேட்ட கேள்வி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்து. ஜன்னல் கம்பிகளில் சாரல் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னிருக்கையில், பூனைக்கண்ணும் சிவந்த நிறமுமாக இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“முப்பது வருசமா வெள்ளைக்காரனாவே இருந்துட்டேன் அண்ணாச்சி. ஒரு நாளாவது தமிழனா நடிக்கணும்.”

“கோயில் கொடை நாடகத்துலயும் துரை, சினிமாவுலயும் துரை. உம்ம நெறத்துக்கு வேற என்னவே குடுப்பான்?”

“இப்பக் குடுத்துட்டாவல்லா! அப்பா வேசம். மெட்ராஸ்லேருந்து வார மவன்கிட்ட ‘சாப்பிட்டியாப்பா’ன்னு கேக்கணும். ஒரே வசனம். நேத்து வாயத் தொறந்தா, ‘ஏ மேன், நீ சாப்ட்டுச்சு?’ன்னு துரைதான் பேசுதான். செட்டே சிரிச்சுட்டு.”

“பொறவு?”

“இன்னைக்கு ஒரு தடவ பாப்போம்னாரு டைரக்டர். சரியா வரலன்னா திரும்பவும் தொப்பிதான்.”

“என்னைய மவனா நெனச்சுக் கேளும்.”

“உங்க மீசையப் பாத்தா மவன் நெனப்பு வரமாட்டேங்கு.”

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். பிறகு பூனைக்கண்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, நனைந்த சாலையில் யாரோ பையோடு நடந்து வருவதைப் பார்ப்பவர்போல, மெல்லக் கேட்டார்:

“சாப்பிட்டியாப்பா?”

டிக்கெட் போட்டுக்கொண்டே வந்த நடத்துநர், தலை நிமிராமல் சொன்னார்:

“இன்னும் இல்லண்ணாச்சி. குற்றாலம் போய்த்தான்.”