மன்னிப்புக் கூடை

காசிமிரோ வீட்டார் கொண்டுவந்தது நல்ல சாக்லேட், ஐயா. அதில் குறை சொல்ல மாட்டேன். பட்டையைத் தாராளமாகப் போட்டு அரைத்திருந்தார்கள். ரொட்டியும் அன்று சுட்டதுதான். கழுத்தில் சிவப்பு நாடா கட்டிய வான்கோழிகள் வேறு.

எங்கள் மலையில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இரண்டொரு நாளில் இப்படிக் கூடையோடு வருவார்கள். பெண்ணைப் பெற்றவள் அந்தச் சாக்லேட்டைக் காய்ச்சி ஒரு வாய் குடித்தால் மன்னித்தாயிற்று. அப்புறம் அது கடத்தல் இல்லை, கல்யாணம். என்னை என் புருஷன் தூக்கிப்போனபோது என் அம்மாவும் குடித்தாள். குடித்த பிறகு சாகும்வரை என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

என் மகள் ஒதிலியாவுக்குப் பதினாறு வயது. சந்தையிலிருந்து திரும்பும் வழியில் காசிமிரோ அவளை வண்டியில் அள்ளிப்போட்டான். திரும்பக் கூட்டிவந்தபோது கூடைக்குப் பின்னால் நின்றாள். ஒரு காதில் தோடு இல்லை, காது கிழிந்திருந்தது.

அவன் அப்பா தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா. எளரத்தம், ஆசைப்பட்டுட்டான்."

"பொண்ணு கத்தவே இல்ல அத்தை, வேணும்னா கேட்டுப் பாருங்க" என்று காசிமிரோ சிரித்தான். சாராயம் நாறியது.

"வாயில துணியத் திணிச்சா எப்படிடா கத்துறது?" என்றாள் ஒதிலியா. எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் அப்பா சாக்லேட் கிண்ணத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

குடித்தேன்.

"நீயுமாம்மா?" என்றாள்.

"உள்ள போய்ப் படு. இனிமே உன்னை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க" என்றேன்.

மன்னித்த பிறகு மாப்பிள்ளையை நீராவிக் குடிலில் உட்காரவைத்து மாமியார் அழுக்குப் போக்க வேண்டும். எனக்குத் தொழிலே அதுதான். ஊரில் பிள்ளை பெற்றவர்களை எல்லாம் நான்தான் குளிப்பாட்டுகிறேன். மண்ணால் கட்டிய சின்னக் குடில், தவழ்ந்துதான் நுழைய வேண்டும். விறகு முழுக்க எரிந்து, புகை சுத்தமாக வெளியேறிய பிறகுதான் ஆளை உள்ளே விடுவோம். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும்.

குடிபோதையில் பொறுக்காமல் நுழைந்து செத்துப்போனான் என்று ஊர் சொல்கிறது. நீங்களும் அப்படியே எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பத் தயார் என்கிறீர்கள். வேண்டாம். என் குளியலில் தவறு நடந்தது என்று எழுதினால் என் தொழிலுக்கு அவமானம். பச்சை விறகைப் போட்டது நான். புகை அடங்கும் முன்பே, "உள்ள போங்க மாப்பிள்ளை, தண்ணி ஊத்துறேன்" என்றது நான். வாசலைப் பலகையால் அடைத்து, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததும் நான்தான். தட்டினான். அத்தை என்று கூப்பிட்டான். எனக்கு இரக்கம் வரவில்லை. அவனும் அதிகம் கத்தவில்லை, ஐயா. முற்றத்தில் குடித்துக்கொண்டிருந்த அவன் அப்பாவுக்குக்கூடக் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பக்கத்து வீட்டு பெர்பெத்துவா என்னோடு சேர்ந்து நடந்தாள். அவள் மகளை ஞாயிற்றுக்கிழமை தூக்கிப்போயிருந்தார்கள்.

"எங்க வீட்டுக்கும் நாளைக்குக் கூடை வருதுக்கா" என்றாள். "உன் குடில் காலியா இருக்குமா?"

இருக்கும் என்றேன். விறகை எப்படி அடுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள், ஐயா. எங்கள் மலையில் பச்சை விறகுக்குப் பஞ்சமே இல்லை.