யட்சிக்குப் பால் கட்டிய மாதம்

உலகம்மாள்: ...அப்படி இருக்காது சாரே. நீங்க எழுதித் தந்தத ஒரு புள்ளி மாறாம அச்சுக் கோத்திருக்கேன்.

சாம்பசிவன்: எண்பத்து நாலாம் பக்கத்துல தப்பு இருக்குங்கறேன். இதோ புரூஃப். நீயே வாசி.

உலகம்மாள்: நானா... கண்ணாடிய எங்க வச்சேன்...

சாம்பசிவன்: தலையில இருக்கு.

உலகம்மாள்: ஆமா. ம்... "யட்சி கண் விழித்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே நகரத்தின் பேருந்துகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பிறந்த குழந்தையின் முகம் கண்டதும், இறந்துபோன முதல் குழந்தையின் நினைவு பனிபோல் மறைந்தது. தன் உச்சந்தலையில் ஆணி அறைந்து அடக்கிய கணவனின் கையை எடுத்து முத்தமிட்டாள். சுபம்." எழுத்து எல்லாம் நேராத்தான இருக்கு?

சாம்பசிவன்: நன்னா பாரு.

வேல்சாமி: என்ன சாரே, புரூஃப்ல ஏதும் பிரச்சினையா? சொல்லுங்க, கோத்தவ கைய ஒடிச்சிருவோம்.

சாம்பசிவன்: ஒண்ணுமில்ல வேல்சாமி. ஒரு கமா.

வேல்சாமி: பிரஸ்ல முதல் நாளே இந்த அம்மாகிட்ட சொன்னேன். ஆசிரியர் எழுதினதுல சொந்தமா ஒரு எழுத்து வச்சா, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரணும்னு. நான் பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்கா உடைச்சிட்டு வாறேன். வந்ததும் மெஷின்ல ஏத்திருவேன், கேட்டியளா.

சாம்பசிவன்: போய்ட்டு வாங்கோ... போய்ட்டானா?

உலகம்மாள்: ரோட்டத் தாண்டியாச்சு.

சாம்பசிவன்: உலகம்மா, மார்ச் மாச நாவல். இதே யட்சி. நாப்பத்து மூணாம் பக்கம் ஞாபகம் இருக்கா?

உலகம்மாள்: மாசத்துக்கு ஒண்ணு எழுதுதிய. எத நான் ஓர்மிக்க...

சாம்பசிவன்: குழந்தை செத்த மூணாம் நாள் அவ பாளையத்துக் கூரைக்கெல்லாம் மேல பறக்கறா. நான் எழுதினது நிலா. அச்சுல வந்தது என்ன தெரியுமா? "அவளுக்குப் பால் கட்டியது. குடிக்க ஆளில்லை. ரவிக்கை நனைந்து காற்றில் குளிர்ந்தது." அறுபது நாவல் எழுதியிருக்கேன். ஒருத்தி ரவிக்கையும் நனைஞ்சதில்ல.

உலகம்மாள்: மொதலாளிகிட்ட சொல்லிராதிய சாரே. போனக்காட்டு மலை ஏறி மறுபடியும் தேயிலைக் கொளுந்து கிள்ள இந்த இடுப்புக்குக் கழியாது.

சாம்பசிவன்: ஏன் செஞ்சே? அத மட்டும் சொல்லு.

உலகம்மாள்: கை தானாப் போச்சு. புள்ள செத்து மூணு நாளுல பால் வராம இருக்குமா? யட்சியானாலும் வரும். நீங்க அவளப் பறக்க விட்டுட்டிய... பக்கத்துல எடம் பத்தல. அதான் நிலா இருந்த வரியெல்லாம் எடுத்துட்டேன். நிலா பின்னயும் வரும்லா.

சாம்பசிவன்: என் நிலா போச்சு.

உலகம்மாள்: நல்ல நிலாதான் சாரே. தப்பா எடுக்காதிய.

சாம்பசிவன்: ஏப்ரல்ல? ஆணி அடிக்கற இடம்?

உலகம்மாள்: அதையும் பாத்தாச்சா... "ஆணி இறங்கியதும் அவள் நாணத்தோடு சிரித்தாள்"னு இருந்துது. உங்க உச்சியில ஒரு ஆணிய வச்சுப் பாருங்க, நாணம் வருதான்னு. "பல்லைக் கடித்தாள்"னு மாத்தினேன். அடிக்கிறவன் வீட்டுல இருந்தவளுக்கு அது தெரியும்.

சாம்பசிவன்: எங்க படிச்சேள் நீங்க?

உலகம்மாள்: என்ன சாரே, திடீர்னு "நீங்க"ங்கிய... பயமா இருக்கு.

சாம்பசிவன்: சொல்லுங்கோ.

உலகம்மாள்: படிப்பு ஏது? முப்பத்தஞ்சு வயசுல இங்க தூத்து வார வந்தேன். கீழ கெடக்கிற ஈய எழுத்தப் பொறுக்கி, அதது குழியில போடணும். போடப் போட அறிஞ்சது. கண்ணாடியில பாக்க மாதிரி எல்லாம் திரும்பித்தான் இருக்கும். கடுதாசியில நேரா எழுதினத வாசிக்க இப்பவும் கொஞ்சம் தடுமாறும். ஆனா ஒண்ணு சாரே... ஒரு எழுத்து வச்சு, பக்கத்துல இன்னொண்ணு வச்சு, பின்ன இன்னொண்ணு... நிமிந்து பாத்தா ஒரு பொம்பள எழும்பி நிக்கா. முன்ன இல்லாத பொம்பள. எனக்கு மேலெல்லாம் புல்லரிக்கும். நின்னுட்டான்னா அவளுக்கு நோவும்லா? கூடுதலாப் பேசிட்டேனோ.

சாம்பசிவன்: இல்ல. இதக் கேளுங்கோ. நான் விஜயம்னு என் ஆத்துக்காரி பேர்ல எழுதறேன். இத்தன வருஷத்துல அவ பேருக்கு மின்சார பில்லு கூட வந்ததில்ல. மார்ச்சுக்கு அப்புறம் நாப்பத்தாறு கடுதாசி. எல்லாம் பொம்மனாட்டிகள். இது தென்காசியிலேருந்து... "அக்கா, ரவிக்கை நனைஞ்சு குளிர்ந்தது எனக்கு மட்டும்தான்னு இத்தனை நாளும் நினைச்சிருந்தேன்."

உலகம்மாள்: இன்னொருக்கா வாசிங்க.

சாம்பசிவன்: "...எனக்கு மட்டும்தான்னு இத்தனை நாளும் நினைச்சிருந்தேன்."

உலகம்மாள்: தென்காசியிலயா... அவ்வளவு தூரத்துக்கா போச்சு?

சாம்பசிவன்: போயிருக்கு. விஜயம் எல்லாத்தையும் படிச்சுட்டு, "இது நீங்க எழுதினதில்ல, எழுதினவாளப் போய்ப் பாத்துட்டு வாங்கோ"ன்னா. எனக்கு வெக்கம், வரல. ஆனா இந்த மாசம் கடைசிப் பக்கத்த வேணும்னே மட்டமா எழுதினேன். நீங்க எப்படி மாத்தறேள்னு பாக்கணும். புரூஃப் வந்தது. ரெண்டு பேரும் ஒரே தாள்ல தலைய நீட்டிண்டு வாசிச்சோம். ஒரு எழுத்து மாறல. அதுதான் தப்பு.

உலகம்மாள்: கண்ணு வலி சாரே.

சாம்பசிவன்: பொய்.

உலகம்மாள்: மொதலாளிக்குப் பயந்து...

சாம்பசிவன்: மார்ச்சுல இருந்த மொதலாளி இவன்தானே.

வேல்சாமி: தேங்கா நல்ல ரெண்டா உடைஞ்சுது சாரே. ஏத்தட்டா?

சாம்பசிவன்: பத்து நிமிஷம் குடுங்கோ. அந்தக் கமாவ உலகம்மா சரி பண்ணணும்.

வேல்சாமி: ஒரு கமாவுக்குப் பத்து நிமிசமா? செரி, நான் டீ சொல்லுதேன்.

சாம்பசிவன்: சொல்லுங்கோ உலகம்மா. ஏன் அப்படியே விட்டேள்?

உலகம்மாள்: மாத்திருதேன் சாரே. அந்தத் தென்காசிக்காரி இதையும் வாசிப்பா. அவகிட்டப் பொய் சொல்லப்படாது. ஆனா உங்க கையில இருக்க அந்தப் புரூஃப் தாள மட்டும் எனக்குத் தந்திருங்க... மலையில எனக்கு ஒண்ணு பொறந்து, ஒம்பது நாளு இருந்துட்டுப் போச்சு. வருசம் இருபத்தி மூணு. பிறகு மூணு பெத்தேன், அந்த நெனப்பு மறையல. "மறைந்தது"ன்னு எழுத்து எழுத்தா எடுத்து வச்சப்ப... அந்த வரி முடியுற வரைக்கும் எனக்கு மறந்து இருந்துது சாரே.